வெட்டு வந்த மனிதர்

எனக்கு அந்த வேலை கிடைத்தது சமூகப்பணிப் பட்டத்தால்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸை நடத்திய மராட்டிய அம்மாள்தான் பிற்பாடு ஒருநாள் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர் வந்தார்களாம். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. பம்பாயில், செம்பூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறைகளில் அந்த அமைப்பு இயங்கியது. மில் ஓடும்போது மேஜையில் இருக்கும் டீ கிளாஸ்கள் மெல்ல நடுங்கும். விசாரணைக் கைதிகளாக ஜெயிலில் கிடக்கிறவர்களில் நோயாளிகளைக் கண்டுபிடிப்பது, அவர்களுக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வது, ஜெயிலில் இருக்க வேண்டியவரே இல்லை என்று தெரிந்தால் கோர்ட்டில் போய்ச் சொல்வது, வெளியே வந்த பிறகு ஒரு இடமும் ஒரு வேலையும் பார்த்துத் தருவது, இவைதான் எங்கள் காரியம். உள்ளே தமிழ்க்காரர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். இந்தி தெரியாத அவர்கள் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினார்கள். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்பதுகூட எங்கள் அம்மாளுக்குப் பிடிபடவில்லை. அதற்காகத்தான் நான்.

வீட்டில் சொன்னபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவிலேயே படித்து, கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தலை நரைத்தவர்.

"ஜெயிலுக்கா? பேங்க் பரீட்சை எழுதுன்னு எத்தனை தரம் சொன்னேன்!"

"ஜெயிலுக்கு இல்லைப்பா, ஜெயில்ல இருக்கறவாளுக்கு."

"ரெண்டும் ஒரே வாசல்தானே?"

அதற்கு மேல் தடுக்கவில்லை. முதல் வாரம் முழுக்க, நான் வீடு திரும்பும் நேரத்துக்கு ஸ்டேஷன் பாலத்துக்குக் கீழே வந்து நின்றார். காய்கறி வாங்க வந்ததாகச் சொல்வார். கையில் பை இருக்காது.

நான் சொல்லவந்த மனிதரை முதன்முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த அந்த மழைக்காலத்தில்தான். ஜெயில் ஆபீஸின் வராந்தாவில் எங்களுக்கு ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டுத் தருவார்கள். வார்டர் ஒருவர் அவரைத் தோளைப் பிடித்து அழைத்து வந்து, தரையில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பாகல் ஹை, மேடம். மதராஸி பாகல்."

பைத்தியம் என்று சொல்லப்பட்டவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியான உடம்பு. இடது கன்னத்தில் ஆறிக்கொண்டிருந்த ஒரு காயம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஹார்பர் லைனில் ஒரு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் டீக்கடையின் கண்ணாடி அலமாரியை உடைத்து, தடுக்க வந்த போலீஸ்காரரை முகத்தில் அடித்தார் என்பது வழக்கு. பையில் கத்தி இருந்திருக்கிறது. "வெட்ட வந்தேன்" என்று அவரே ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார்கள்.

"வணக்கம் பாய். நான் பேசறது புரியறதா?"

குனிந்திருந்த தலை சட்டென்று நிமிர்ந்தது. "தமிழா? யம்மா, நீங்க எந்த ஊரு?"

"மாட்டுங்கா."

"அது இங்கன உள்ளதுலா. ஊரு எதுன்னு கேக்கேன்."

"மாட்டுங்காதான் பாய். அங்கேயே பொறந்தேன்."

"ஊரே இல்லியா?" என்று என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். ஜெயில் வராந்தாவில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்த மனிதர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அவருக்குத் தென்காசிப் பக்கம். தமிழில் பேசி வெகுநாளாகிவிட்டது போலிருக்கிறது, ஊர், ஆறு, பள்ளிவாசல் என்று கடகடவென்று பேசித் தீர்த்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மெல்ல விஷயத்துக்கு வந்தேன்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல என்ன ஆச்சு?"

"வெட்டு வந்துட்டும்மா."

"யாரை வெட்ட வந்தீங்க?"

விழித்துப் பார்த்தார். "நான் யாரை வெட்டப் போறேன்? எனக்கு வெட்டு வந்துட்டுங்கேன்."

"உங்களை வெட்ட யாராவது வந்தாங்களா?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, பேச்சால் ஆகாது என்று முடிவு செய்தவரைப் போல, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி, கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பி, உடம்பை உதறிக் காட்டினார். வார்டர் தடியோடு எழுந்துவிட்டார். நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன். உதறலை நிறுத்திவிட்டு அவர் நாக்கை வெளியே நீட்டினார். நாக்கின் ஓரத்தில் பழைய வடுக்களும் புதிய புண்ணுமாக இருந்தது.

"வலிப்பா?" என்றேன்.

"நீங்க வலிப்பும்பிய. எங்க ஊருல வெட்டுன்னுதான் சொல்லுவோம். கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கும். நொர தள்ளும். பொறவு கொஞ்ச நேரம் நான் எங்கன இருக்கேன், யாரு பக்கத்துல நிக்காவன்னு ஒண்ணும் தெரியாது. யாராவது புடிச்சா உதறுவேனாம். எனக்குத் தெரியாதும்மா. பாத்தவங்க சொல்லுததுதான்."

எல்லாம் விளங்கிவிட்டது. பிளாட்பாரத்தில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். தெளிவு வருவதற்குள் தூக்கிவிட ஆட்கள் பிடித்திருக்கிறார்கள். உதறியதில் கண்ணாடி உடைந்திருக்கிறது, போலீஸ்காரருக்கு அடி விழுந்திருக்கிறது. குடிகாரன் என்று நினைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தபோது, பிளாட்பாரத்தில் பழம் விற்கும் சென்னைக்காரர் ஒருவரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். "வெட்டு வந்துட்டு" என்று இவர் சொன்னதை அவர் "காட்னே ஆயா தா" என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். வெட்ட வந்தானாம். பையைத் திறந்தால் கத்தி. அது தோலின் ஓரத்தைச் சீவுகிற கத்தி, தாராவியில் ராம்பி என்பார்கள். தீட்டிக்கொண்டு வருவதற்காக அன்று எடுத்துப் போயிருந்தார்.

அந்தப் பழக்காரர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தமிழ் படித்த நானே யாரை வெட்ட வந்தீர்கள் என்றுதானே கேட்டேன்.

ஜெயிலுக்குள்ளும் ஒருமுறை வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பாகல் என்று பெயர் விழுந்தது. உடனிருந்த கைதிகள் ஓடிவந்து ஒரு செருப்பை மூக்கில் வைத்து அழுத்தினார்களாம்.

"செருப்ப மோந்தா தெளிஞ்சிருமாம். நான் பொழுது விடிஞ்சா தோலுக்குள்ளதானம்மா கெடக்கேன். எனக்குத் தோலு வாடை புதுசா? அப்படித் தெளியும்னா எனக்கு வெட்டே வந்திருக்கக் கூடாதுலா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். வார்டருக்கு இரண்டு பைத்தியங்களைப் பார்ப்பது போலிருந்திருக்கும்.

கிளம்பும்போது அவர் ஒன்றுதான் கேட்டார். "வீட்டுல சொல்லிருங்கம்மா. நான் உசுரோட இருக்கேன்னு மட்டும் சொன்னாப் போதும். மத்ததெல்லாம் மெதுவாச் சொல்லலாம்." விடுதலையாகி வெளியே போன ஒரு ஆளிடம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஆள் போகவில்லை.

மறுநாள் காலையிலேயே தாராவிக்குப் போனேன். மழையில் சந்து முழுக்கப் பலகை போட்டிருந்தார்கள். பலகைமேல் நடக்கத் தெரியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து, குழாயடியில் நின்ற பெண்கள் வழி சொல்லிக்கொண்டே கூட வந்தார்கள். ஒரு சின்ன அறை. மேலே ஏணி வைத்து ஒரு பரண். கதவருகே உட்கார்ந்து பைகளுக்கு உள் துணி வெட்டிக்கொண்டிருந்தவள்தான் அவர் மனைவி. என்னைவிடச் சின்னவள். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பேன்ட் போட்ட ஆளோ, பை மாட்டிய பெண்ணோ வாசலில் வந்து நின்றாலே கெட்ட செய்தி என்று நினைக்கும் நிலையில் இருந்தாள்.

அவர் காணாமல் போன நாளிலிருந்து அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போயிருக்கிறாள். ரயிலில் வரும்போது வெட்டு வந்து விழுந்திருப்பார் என்றுதான் அவள் நினைப்பு. பிணவறையில் பார்க்கச் சொன்னார்களாம். முடியாது என்று வந்துவிட்டாள்.

மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் கோத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், "உங்க வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்கார்மா" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"ஜெயில்லயா?" என்றாள். "ஜெயில்லயா இருக்காவ? உசுரோடயா? நீங்க கண்ணால பாத்தியளாக்கா?"

"நேத்திக்குப் பார்த்தேன். பேசினேன். சிரிச்சார்."

"சிரிச்சாவளா!"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டாள். பால் இல்லை என்று பக்கத்து வீட்டுக்கு ஓடி, அங்கே "எங்க வீட்டுல உள்ளவிய கெடைச்சிட்டாவ, ஜெயில்ல இருக்காவ!" என்று சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. ஜெயில் என்ற வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன வேறொருவரை என் வேலைக்காலம் முழுவதிலும் நான் பார்க்கவில்லை.

டீயைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வெட்டு வரும் என்பது அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். பட்டறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும், தெருவில் கோட்டிக்காரன், பைத்தியக்காரன் என்று சொல்லிவிடுவார்கள் என்று இரண்டு பேருமாக மறைத்து வைத்திருந்தார்கள். ஊரில் இருந்தவரைக்கும் தாயத்தும் ஓதின தண்ணீரும்தான். டாக்டரிடம் போனதே இல்லை.

ஜெயில் டாக்டர் வயதான பார்ஸிக்காரர். நான் சொன்னதைக் கேட்டு, டார்ச் அடித்துக் கைதியின் நாக்கைப் பார்த்தார். "நடிக்கிறான் என்றுதான் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். இதை யாரும் சொல்லவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னவர், அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் அவர் இடுப்பில் கயிறு கட்டி அழைத்து வந்தார்கள். மனைவியும் வந்திருந்தாள். நடுவில் போலீஸ்காரர் உட்கார, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் இவளுமாக பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் போலீஸ்காரரே எழுந்து, கயிற்று முனையைக் கையில் பிடித்தபடி, பெஞ்சின் ஓரத்துக்கு மாறி உட்கார்ந்தார்.

தலையில் ஒயர்களை ஒட்டும்போது அவர் பயந்துபோனார். "யம்மா, இதுல கரண்டு விடுவாங்களா?"

டாக்டர் ஒரு பெண்மணி. நான் கேட்டுச் சொன்னேன். "விடமாட்டாங்களாம் பாய். உங்க தலைக்குள்ள இருக்கற கரண்ட்டைத்தான் மெஷின் படிக்குமாம்."

"என் தலைக்குள்ள கரண்டா?" மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அன்று அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்: "கேட்டியாட்டீ?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்தார்கள். இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை, சர்க்கரை, பிரஷர் மாதிரி ஒரு நோய், நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டால் அடங்கியிருக்கும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, சாவி வேண்டாம், செருப்பு வேண்டாம். மனைவி உதடு அசைய எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இனி கோர்ட். எங்கள் வக்கீல் சொன்னார், நோய்க்குச் சான்று இருக்கிறது, ஆனாலும் வெளியே இவருக்கு வேலையும் பொறுப்பேற்க ஒரு ஆளும் இருந்தால்தான் மாஜிஸ்திரேட் துணிந்து விடுவார் என்று. அதற்காகப் பட்டறை முதலாளியைப் பார்க்கப் போனேன். அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான். பெரிய உடம்பு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தோல் ஒட்டும் ஸொல்யூஷன் வாடையடிக்கும் அறையில் ஆட்களுக்கு நடுவே அவரும் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வந்தது கோபம்.

"இத்தன வருசமா எம் பக்கத்துல உக்காந்து சோறு திங்கான். ஒரு வார்த்த சொல்லல பாத்தியளா? கத்தி புடிக்கிற வேல மேடம். வெட்டு வந்து கத்திமேல விழுந்தான்னா நான் அவன் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"சொன்னா வேலைய விட்டு எடுத்துருவீங்கன்னு பயந்திருக்கார்."

"எடுத்திருப்பேன்தான்" என்றார், யோசிக்காமல். கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார். பட்டறையில் மற்ற ஆட்களின் கைகளும் நின்றுவிட்டன. "எடுத்திருப்பேன். அவன் பயந்ததுலயும் ஞாயம் இருக்கு" என்றார் தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, "கோர்ட்டு எந்தப் பக்கம்? எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

அன்று கோர்ட்டில் நடந்ததை நான் அப்பாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சான்றை வக்கீல் கொடுத்தார். வெட்டு என்ற சொல்லுக்குத் தென்பகுதியில் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார்கள். கூண்டில் ஏறி நின்று நான் சொன்னேன். முதலாளி தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், கத்தி தன்னுடையது, வேலைக்கானது, இவன் தன் ஆள், இவனுக்குத் தான் பொறுப்பு என்று நாலே வரியில் முடித்துக்கொண்டார். கடைசியில் அடி வாங்கிய போலீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். மீசையும் தொந்தியுமாக இருந்த மராட்டியர்.

"மிர்கி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது ஸாஹேப்" என்றார் அவர், வலிப்பைச் சொல்லும் இந்தி வார்த்தையைப் போட்டு. "வோ தோ பீமார் தா. நோய்க்காரன் அடித்ததற்கு நான் எதற்கு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்?"

மாஜிஸ்திரேட் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. ஒரு வருஷம் நன்னடத்தை ஜாமீனில் விடுவதாகவும், அந்த ஒரு வருஷமும் மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்க வேண்டும் என்றும், எங்கள் ஆபீஸுக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். இவ்வளவையும் நான் தமிழில் சொல்லி முடித்த பிறகும் அவர் கூண்டிலேயே நின்றுகொண்டிருந்தார். "இறங்கலாம் பாய்" என்றேன். "எங்கன போவணும்?" என்றார். "வீட்டுக்கு."

வெளியே வேப்பமரத்தடியில் அந்தப் போலீஸ்காரர் நின்றிருந்தார். இவர் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையான "மாஃப்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். போலீஸ்காரர் தன் தாடையைத் தடவிக்கொண்டு, "நல்ல பலமான கை" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். அதை நான் மொழிபெயர்த்தபோது முதலாளி குறுக்கே பேசினார்: "பலமில்லாம இருக்குமா? எங்க பட்டற கைலா!"

இங்கே நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். உண்மையில் எங்கள் வேலையின் கஷ்டமான பகுதி இதற்குப் பிறகுதான் வரும். கோர்ட்டில் பொறுப்பேற்ற முதலாளி, பட்டறையில் அவர் கையில் கத்தியைக் கொடுக்கவில்லை. மிஷினிலும் உட்காரவிடவில்லை. அதில் தப்பும் சொல்ல முடியாது, டாக்டரே ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்லியிருந்தார். தோலுக்கு ஸொல்யூஷன் தடவி ஒட்டும் வேலையில் உட்கார வைத்தார்கள். அது புதிதாகச் சேருகிறவர்களுக்கான வேலை. மாத்திரை வேறு தூக்கத்தைக் கொண்டுவந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். ஜெயிலுக்குப் போய் வந்தவன், வெட்டு உள்ளவன் என்று சந்தில் இப்போது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தால் நான் கேட்பதற்கெல்லாம் "ம்" என்பார். ஜெயிலில் என்னைச் சிரிக்க வைத்த மனிதர் வெளியே வந்து பேச்சே இல்லாமல் ஆகிவிட்டார்.

அவரை மீட்டது நாங்கள் அல்ல, அவர் மனைவி. மறைத்து மறைத்து வாழ்ந்தவளுக்கு இப்போது மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் ஒரு துணிச்சல் வந்துவிட்டது. குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருக்கும் பெண்களிடம் அவளாகவே பேச ஆரம்பித்தாள். "எங்க வீட்டுல உள்ளவியளுக்கு வெட்டு வரும். வந்தா பயப்படாண்டாம். ஒரு பக்கமாச் சரிச்சிப் படுக்க வைக்கணும். கையக் கால அமுக்கக் கூடாது. அமுக்கினா அடி வாங்குவிய, போலீஸ்காரரு வாங்குன மாதிரி." பெண்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் ஒருத்தி மறுநாள் தனியாக வந்து, தன் மகளுக்கும் அப்படி வருகிறது, மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை என்று சொல்லி அழுதிருக்கிறாள். இன்னொருத்தி லேபர் கேம்ப் குடியிருப்பில் இருக்கும் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். கொஞ்ச நாளில், மாதாந்தர ஆஸ்பத்திரி நாளன்று அவளும் அவரும் மட்டும் போவதில்லை என்றாகிவிட்டது. ஒரு சின்னக் கூட்டமே போனது. அந்தக் கூட்டத்தை முன்னால் நடத்திக்கொண்டு போவது அவர். எந்த ஜன்னலில் சீட்டு, எந்த மாடியில் டாக்டர், எந்த பெஞ்சில் மின்விசிறி சுற்றும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெண் தலையில் ஒயர் ஒட்ட பயந்தபோது, "அவுங்க ஒண்ணும் கரண்டு விடமாட்டாவ தாயி, ஒன் தலைக்குள்ள உள்ளதத்தான் படிப்பாவ" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று கேட்டேன். பேச்சு திரும்பி வந்துவிட்டது.

மாத்திரையும் உடம்புக்குப் பழகியது. தூக்கம் குறைந்தது. வலிப்பு நடுவில் ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் பட்டறையில். ஆட்கள் அவரைச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு, தெளிகிறவரைக்கும் சுற்றி நின்று சாவதானமாகப் பீடி பிடித்தார்களாம். அன்றைக்குப் பிறகு யாருக்கும் பயம் இல்லை என்று முதலாளி சொன்னார். அதற்கப்புறம் சில மாதங்களில் பழைய வேலைக்கே போனார்.

ரம்ஜான் மாதம் வந்தது. நல்ல கோடை. நோன்பு தொடங்கிய இரண்டொரு நாளில் மனைவி மூச்சிரைக்க எங்கள் படியேறி வந்தாள்.

"யக்கா, அவிய பகல் மாத்திரைய நிறுத்திட்டாவ. நோன்பு பிடிக்கணுமாம். நான் சொன்னாக் கேக்கல. நீங்க வந்து சொல்லுங்க."

நான் சொல்லி அவர் கேட்பாரா? எனக்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும்? நேரே பள்ளிவாசலுக்குப் போய், வாசலில் நின்று, தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். அவர் வெளியே வந்து நிதானமாகக் கேட்டார். நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, பிறகு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்து ஈடு செய்யலாம் என்று அவள் கணவரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் முகம் சுருங்கிவிட்டது.

"போன வருச நோன்புல நான் நோயாளின்னு எனக்கே தெரியாது, எல்லா நோன்பும் பிடிச்சேன். இந்த வருசம் கொணமாயிட்டு வாரேன், பிடிக்கக் கூடாதுங்கிய. இது என்னம்மா ஞாயம்?"

அந்தக் கேள்வியோடு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கொஞ்சம் யோசித்து, பகல் மாத்திரையை எடுத்துவிட்டு, மொத்தத்தையும் நோன்பு திறந்த பிறகு ஒரே வேளையாகச் சாப்பிடும்படி மாற்றி எழுதினார். விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது, சரியாகத் தூங்க வேண்டும், தலை கிறுகிறுத்தால் அப்போதே நோன்பை முறித்துவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள். மூன்றுக்கும் அவர் தலையாட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்று அர்த்தம் என்பதை நான் டாக்டருக்கு உறுதியாகச் சொன்னேன். மாத்திரையும் தூக்கமும் மனைவியின் கண்காணிப்பில் நடந்தன. ஒரு நோன்பும் விட்டுப்போகவில்லை.

அந்த மாதக் கடைசியில் நோன்பு திறக்க எங்களைக் கூப்பிட்டார்கள். அப்பாவும் வருகிறேன் என்றார். ஸ்டேஷன் பாலத்துக்குக் கீழே நின்று காத்திருந்த அந்த அப்பாதான். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடந்து போகும் தூரம்தான். ஆயுள் முழுக்க அந்தப் பக்கம் அவர் போனதில்லை. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்த அறையில் பாய் விரித்து எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முதலாளியும் வந்திருந்தார். பேரீச்சம்பழத் தட்டு நடுவில் இருந்தது. பாங்குச் சத்தம் வரும்வரை ஒருவரும் தட்டைத் தொடவில்லை. அப்பாவும் காலையிலிருந்து பட்டினி கிடந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பாங்கு வந்தது. தட்டு சுற்றி வந்தது. மனைவி கஞ்சியைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"இது ஒங்களுக்குன்னு கறி போடாம தனியா வச்சதுங்கய்யா. பயப்படாமக் குடிங்க."

அப்பா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "எங்காத்துல இந்த மாதிரி வாசனையா ஒரு கஞ்சி நான் சாப்பிட்டதே இல்லை" என்றார். அம்மா பக்கத்தில் இல்லாத தைரியம்.

இரண்டாவது கிண்ணமும் வந்தது. அதற்குள் முதலாளிக்கும் அப்பாவுக்கும் பேச்சு பிடித்துக்கொண்டது. பட்டறைக்கு எடுத்திருக்கும் தீ இன்ஷூரன்ஸில் தோலுக்கு மட்டும் போட்டிருக்கிறதா, தைத்த பைக்கும் சேர்த்தா என்று முதலாளி கேட்க, பாலிசியை நாளைக்கே எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று அப்பா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடும் இன்னொரு கையில் மாத்திரையோடும் வந்து தன் கணவரின் முன்னால் நின்றாள். அவர் பேச்சைக் கேட்கும் சுவாரஸ்யத்தில் கையை மட்டும் நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"வாயத் தொறங்க. முழுங்கினதப் பாத்துட்டுத்தான் நான் கஞ்சி குடிப்பேன்."

எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறந்தார். விழுங்கினார். வெறும் வாயைத் திறந்து காட்டினார். அதன் பிறகுதான் அவள் தனக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.